பேட்ஜில் யார் பெயர்?

மாநாடுகளில் பதிவு மேசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற அனுபவம் என்றதும் எல்லோரும் செயலி, பரிந்துரை என்று போய்விடுகிறார்கள். நான் பேட்ஜில்தான் ஆரம்பிப்பேன்.

படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். வேறு வழியில்லாமல் அதைக் கடைசிக் கட்டத்தில் போடுவார்கள். பேட்ஜில் அதுவே கொட்டை எழுத்தில் வந்து நிற்கும். ஒரு மருத்துவ மாநாட்டில் பேச வந்த பெண் மருத்துவரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரியாமல் அவர் உட்கார்ந்தே இருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரு கட்டம் சேருங்கள். அதில் வருவதைப் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கழுத்துக் கயிற்றில் பேட்ஜ் எப்படியும் திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் பெயருக்குக் கீழே அவரவர் தேர்ந்தெடுத்த அமர்வுகளும் அரங்கு எண்ணும் இருக்கட்டும்.

அப்புறம் கயிற்றின் நிறம். படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்குத் தனி நிறம் தருகிற மென்பொருள் மாநாடுகள் உண்டு. வெங்காயம், பூண்டு, கிழங்கு சேராத ஜெயின் உணவு கேட்டவருக்கும் பேட்ஜிலேயே ஒரு குறி வையுங்கள். சாப்பாட்டு வரிசையில் நின்று அவர் விளக்கம் சொல்ல வேண்டாம்.