பாராங் கத்தி

மலேசியாவில் பாராங் என்றதும் இப்போது பலருக்குக் கொள்ளைச் செய்திதான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. மலாய்க் கம்பங்களில், அதாவது கிராமங்களில், காடு வெட்ட, விறகு பிளக்க, இளநீர் சீவ, வேலிக்கு மூங்கில் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் கைகொடுத்த கத்தி அது. நம் தோட்டப்புறத்து ஆட்களின் இடுப்பிலும் தொங்கியதுதான்.

ஒரு நல்ல பாராங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். கனம் முன்பக்கம் தள்ளி இருக்கும். ஓங்கினால் போதும், மீதி வேலையை எடையே பார்த்துக்கொள்ளும். முனைப் பக்கம் மெல்லிய கூர், தோலுரிக்க. நடுவில் தடித்து அகன்ற வயிறு, வெட்ட. பிடியை ஒட்டிய பகுதி, செதுக்க. பிடியின் அடி லேசாக வளைந்திருக்கும், வியர்த்த கையிலிருந்து நழுவாமல் இருக்க. லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த பாராங் என்றால் ஆயுசுக்கும் உழைக்கும்.

சண்டைக்கும் போயிருக்கிறது, மறைப்பதற்கில்லை. 1945இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு, ஜோகூரின் பத்து பகாட் வட்டாரத்தில் மலாய் மதத் தலைவர் கியாய் சாலேயின் ஆட்கள் நீளப் பாராங்கோடுதான் கம்யூனிஸ்டுப் படையை எதிர்த்தார்கள். இரு பக்கமும் அப்பாவிகள் செத்தார்கள். அதைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தோட்ட வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் உறையில் போட்டு, மற்ற சாமான்களோடு கட்டி எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் வண்டியிலேயே விட்டுவிடாதீர்கள்.