வறுத்த ஈரலும் ஓரத்துக் குதிரையும்

நேற்று ராத்திரி பத்து நிமிட செஸ் ஆட்டம், எனக்குக் கறுப்பு. இரண்டு பேரும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ஆளுக்கொரு குதிரையை வெளியே விட்டு (என்னுடையது சி6-இல்; எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), அவர் பிஷப்பை சி4-இல் வைக்க, நான் அடுத்த குதிரையை எஃப்6-இல் வைத்தேன். உடனே அவருடைய குதிரை ஜி5-க்குத் தாவியது. எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும் இடம் இது. எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவை விட்டால் வேறு காவல் கிடையாது, அதன்மேல் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைத்திருக்கின்றன.

டி5 தள்ளி பிஷப்பின் வழியை அடைக்கலாம், அது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். சரி, அடுத்து என்ன? கை தானாகக் குதிரையை எடுத்து டி5-ஐ வெட்டப் போகும். போன சிப்பாய் திரும்பி வருகிறது, குதிரையும் நட்டநடுவில் ஜம்மென்று நிற்கிறது, இதில் என்ன தப்பு? ஒரு வருடம் நான் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டும். ராஜா அதை எடுக்காவிட்டால் ராணியும் யானையும் ஒரே நேரத்தில் மாட்டும், எடுத்தால் எஃப்3-இலிருந்து ராணி செக். டி5 குதிரையைக் கைவிடாமல் இருக்க ராஜா இ6-க்கு நடந்து போக வேண்டும், ஆட்டம் தொடங்கி எட்டு மூவ்கூட ஆகவில்லை, அவர் பலகையின் நடுவில் நிற்கிறார்! சி3-க்கு அடுத்த குதிரையும் வந்ததும் டி5-ஐ மூன்று காய்கள் தாக்கும். வறுத்த ஈரல் தாக்குதல் என்று இதற்குப் பேர், இத்தாலியில் 400 வருடமாக ஆடுகிறார்கள். கறுப்பு உடனே செத்துவிடாது, கையில் ஒரு குதிரை அதிகம்தான், ஆனால் கடிகாரம் ஓடும்போது அதைக் காப்பாற்றிக் கரைசேர என்னால் முடிந்ததே இல்லை.

சரியான மூவ், சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் துரத்துவது. ஓரத்துக் குதிரை ஒன்றுக்கும் உதவாது என்று படித்து வளர்ந்தவனுக்கு மனசு ஒப்பாது, சிப்பாயும் போனது போனதுதான். ஆனால் வழக்கமான வரிசையைப் பாருங்கள்: பிஷப் பி5-இல் செக், சி6-க்குச் சிப்பாயைத் தள்ளி மறைப்பு, சிப்பாய் வெட்டு, திரும்ப வெட்டு, பிஷப் இ2-க்குப் பின்வாங்கும், எச்6 தள்ளினால் குதிரை எஃப்3-க்கு ஓடும், இ4 தள்ளினால் அங்கிருந்தும் ஓடி இ5-க்குப் போகும். வெள்ளை ஆடிய பத்து மூவில் குதிரைக்கு நாலு, பிஷப்புக்கு மூன்று, சிப்பாய்களுக்கு மூன்று. வெளியே வந்த காய் இரண்டே இரண்டு.

இந்த ஜி5 தாவலையே கத்துக்குட்டி மூவ் என்று பழைய ஜெர்மன் செஸ் மேதை டாராஷ் ஏளனம் செய்தார். 1963-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பாபி ஃபிஷர் இதையே இன்னொரு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையருக்கு எதிராக ஆடி ஜெயித்தார், அதனால் ஏளனத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நேற்று ஏ5-க்குத்தான் போனேன். அவர் செக் வைக்காமல் டி3 ஆடி பிஷப்பை அங்கேயே விட்டுவிட்டார். படித்து வைத்த வரிசை போச்சு. அரை நிமிடம் முழித்தேன், அப்புறம் துரத்தல் அதே துரத்தல்தானே என்று எச்6, குதிரை ஓடியதும் இ4. ராணி இ2-க்கு வந்தது, என் ஓரத்துக் குதிரை சி4 பிஷப்பை வெட்டியது. ஜெயித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு நேரம் தீர்ந்து தோற்றேன்.