சூலத்தை இறக்கி இஸ்தோப்பை ஏற்றிய கதை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உளவளத்துணை (கவுன்சலிங்) நிலையம் திறக்க நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அறை, கதிரை, மேசை எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடும். பெயரும் சின்னமும்தான் உயிரை வாங்கும். எனக்கு இப்போதுதான் பெயர்ப்பலகை ஏறியிருக்கிறது, கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

சின்னம் வரைந்து தந்தவர் ஒரு கொழும்புப் பொடியன். உளவியல் என்றதும் 'சை' என்ற கிரேக்க எழுத்தை ஊதா நிறத்தில் பெரிதாகப் போட்டு அனுப்பினார். ஆன்மாவைக் குறிக்கும் 'சைக்கி' என்ற சொல்லின் முதலெழுத்து அது. உலகம் முழுக்க உளவியலுக்கு அதுதான் அடையாளம், ஆனால் பார்வைக்கு அப்படியே சூலம். பக்கத்துக் கடைப் பெரியம்மா ஒரு தடவை பார்த்தார். "குறி சொல்லப் போறியா புள்ள?"

பலகைக்கு அனுமதி கேட்டு உள்ளூராட்சிச் சபையில் மாதிரிப் படத்தைக் கொடுத்தபோதும் இதே கதைதான். "கோயில்னா வேற ஃபோர்ம், மிஸ்" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். இது உளவளத்துணை என்றேன். "அப்ப டொக்டரா? பதிவு எங்க?" டொக்டர் இல்லை, மருந்து எழுதமாட்டேன், பேசித்தான் உதவுவேன் என்றேன். "பேசுறதுக்கா காசு?" என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவர் சிரித்தது இன்னும் எரிச்சல்தான். ஆனால் படம் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வாசலில் சூலம் நின்றால் பேயோட்டத்தான் ஆட்களைக் கூட்டிவருவார்கள், வேறு மதத்தவர் படியேறவே யோசிப்பார்கள். பொடியன் அடுத்து மூளைப் படம் அனுப்பினார். எங்கள் ஆட்களுக்கு அதைப் பார்த்தால் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், அந்த ஊர்ப் பெயரே இங்கே ஏச்சுப் பேச்சு. பட்டாம்பூச்சி எனக்குப் பிடித்திருந்தது. கிரேக்கக் கதையில் வரும் சைக்கிக்குப் பட்டாம்பூச்சிச் சிறகு வரைவார்கள், இங்கே சிவனொளிபாதமலைப் பக்கம் பட்டாம்பூச்சி கூட்டமாகவே பறக்கும். ஆனால் டவுனில் அழகு நிலையங்கள் அதை எப்போதோ பிடித்துக்கொண்டன. கொழுந்து போட்டால் தேயிலைக் கடை.

கடைசியில் நிலையத்தின் பெயரிலிருந்தே சின்னம் பிறந்தது: இஸ்தோப்பு, அதாவது வீட்டின் முன் திண்ணை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தனியாக அழக்கூட இடமிருக்காது. மலையிறங்கி வந்து காலை நீட்டி உட்கார்ந்து மனதில் கிடப்பதைக் கொட்டுவதெல்லாம் இஸ்தோப்பில்தான். "அங்க பேசினா லயமே கேக்குமேடி" என்று தோழி மடக்கினாள். நியாயமான கேள்வி. அதனால் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு முக்காலியோடு சாத்திய கதவு ஒன்றையும் சேர்த்தோம். இங்கே பேசுவது வெளியே போகாது என்பதற்கு அந்தக் கதவுதான் சாட்சி.

புதுப் படத்துக்குச் சபையில் மறுபேச்சு இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவும் சுகமாக முடிந்தது. அங்கிருந்த சிங்கள உத்தியோகத்தர் பெயரை வாசித்ததும் "இஸ்தோப்புவ!" என்று சிரித்தார், அவர்கள் வீட்டிலும் அதே பெயர்தானே. வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் 'ஆலோசனைச் சேவை' என்று எழுதுங்கள், டொக்டர் கேள்வி வராது. கிராம உத்தியோகத்தரின் சான்றிலும் வாடகை ஒப்பந்தத்திலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்த வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் சின்னத்தைக் காக்காது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகத் தனியே பதிய வேண்டும். 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

எல்லாம் முடிந்தது என்று பலகை எடுக்கப் போனால், இஸ்தோப்பு இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி, அடைப்புக்குறி, ஆங்கில எழுத்து என்று ஒரு வரிசை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர், அச்சுக் கடைக் கணினியில் பாமினி இல்லை. தமிழ் தெரிந்த யாராவது ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். "ஃபைல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்று இரண்டாம் பலகைக்கும் காசு கேட்டார் கடைக்காரர். எழுத்துருவை நம்பாதீர்கள், பெயரைப் படமாக மாற்றிக் கொடுங்கள். முழுக் காசையும் முதலிலேயே கட்டிவிடவும் வேண்டாம். பாதிக் காசு என் கையில் இருந்ததால்தான் அவர் முணுமுணுத்துக்கொண்டே சும்மா அடித்துத் தந்தார்.