கற்றல் சமூகமும் எங்கள் கரையும்

'கற்றல் சமூகம்' என்ற சொற்றொடர் இராமநாதபுரம் கடற்கரைக்கு வரும்போதெல்லாம் ஒரு புரொஜெக்டரோடும் ஒரு செயலியோடும் சேர்ந்தே வருகிறது. இங்குள்ளவர்கள் இதுவரை எதையும் கற்றதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து இறங்குகிறது. பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றவென்று மத்திய அரசு 2018இல் அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் எங்கள் மாவட்டமும் இருப்பதால், இப்படி வருபவர்களுக்குக் குறைவில்லை.

இந்தக் கருத்து பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. 1972இல் எட்கர் ஃபோர் தலைமையிலான யுனெஸ்கோ ஆணையம் அறிக்கை அளித்தபோது, எந்த வயதினரும் கல்விக்குள் நுழையவும், இடையில் விட்டுப்போனவர்கள் மீண்டும் வரவும் வழி திறந்து வைப்பது சமூகத்தின் கடமை என்ற எண்ணமே அதில் மேலோங்கி நின்றது. அதற்கு ஓராண்டு முன்னர், பள்ளி என்ற அமைப்பையே கேள்விக்குள்ளாக்கிய இவான் இலிச், ஒரே பொருளில் ஆர்வமுள்ளவர்களை ஒருவரோடொருவர் இணைத்துவைக்கக் கணினியைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார். பின்வந்த சில பத்தாண்டுகளில் அந்தக் கடமை மெல்லக் கைமாறி, கற்பது தனிமனிதரின் பொறுப்பு, கல்லாமல் பின்தங்கினால் அது அவருடைய குறை என்றாகிவிட்டது. எதற்காகக் கற்கிறோம், யாரிடமிருந்து கற்கிறோம் என்ற கேள்விகள் மறைந்து, கற்றல் என்பது வெறும் நுகர்வாகச் சுருங்கியதைக் கெர்ட் பியஸ்டா போன்ற கல்வியாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். மீன்பாடு குறைந்த வீட்டுப் பையனிடம் 'இணையவழியில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிடு' என்று எளிதாகச் சொல்லப்படும் ஊரில் வாழ்பவர்களுக்கு அந்த விமர்சனம் உடனே விளங்கும். பாடு ஏன் குறைந்தது என்பதற்கு அந்தப் படிப்பில் பாடம் கிடையாது.

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடற்பாசி எடுப்பதைப் பார்த்தவர்கள் கற்றலைப் பற்றிப் பேசுமுன் சற்று யோசிப்பார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையை ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே கிள்ளி எடுக்கிறார்கள். அடிப்பகுதியை விட்டுவைத்தால்தான் அது மீண்டும் தழைக்கும் என்பது அவர்கள் அறிந்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு இவர்களது தொழிலுக்கு நெருக்கடி வந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும் இறங்குவது, இரும்புக் கருவிகளைக் கொண்டு சுரண்டக் கூடாது என்ற கட்டுப்பாடுகளைத் தங்களுக்குள் பேசி அவர்களே விதித்துக்கொண்டார்கள். கூடிப் பேசி, அனுபவத்தை எடைபோட்டு, தங்களையே ஒரு விதிக்குள் கட்டுப்படுத்திக்கொள்ளும் கூட்டத்தைத்தான் நான் கற்றல் சமூகம் என்பேன். ஆனால் எந்தச் செயலியின் கணக்கிலும் இவர்கள் 'தொடக்கநிலை' மாணவர்களே.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது திரைவழிக் கல்வியின் எல்லை இங்கு வெட்டவெளிச்சமாயிற்று. 2019இலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. வேறு வழியில்லாத காலத்தில் அது செய்தது சிறிதன்று. ஆனால் இணையவழி வகுப்புக்கு வேண்டிய கைப்பேசி பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். இழந்ததை மீட்க 2021 அக்டோபரில் அரசு எதை நாடியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள் மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கருவிகளுக்கு ஒதுக்கப்படும் தொகையை அந்த ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு நம் கல்வி விவாதங்களுக்கு இன்னும் வரவில்லை.

தனியார் சந்தையின் கதை வேறு. தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கணவர் வளைகுடா நாட்டில் இருக்க, மனைவியிடம் டேப்லெட் விற்க வந்த இளைஞர் மகனுக்கு ஒரு சிறு தேர்வு வைத்தார். அதில் மதிப்பெண் குறைந்ததைக் காட்டி, "அக்கா, இப்பவே கவனிக்கலைன்னா பிள்ளை ரொம்பப் பின்தங்கிடுவான்" என்றார். தவணைப் படிவம் ஏற்கெனவே அவர் பையில் இருந்தது. பயத்தை முதலில் விற்றுப் பாடத்தைப் பிறகு விற்கும் இந்த முறையில்தான் நாடெங்கும் பெருநிறுவனங்கள் வளர்ந்தன. 2022இல் 2,200 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. இந்த வீட்டில் டேப்லெட்டின் திரை கீறிப் பழுதான பிறகும் தவணை தொடர்ந்தது.

இதையெல்லாம் எழுதுவதால் கருவிகளுக்கு நான் எதிரி என்று எண்ண வேண்டாம். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி, 90.4 அலைவரிசையில் மீனவர்களின் மொழியிலேயே பேசுகிறது. அதுவும் தொழில்நுட்பம்தான். ஆனால் பேசுபவர் நமக்குத் தெரிந்தவர். காற்றைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் கரையிலேயே மறித்துக் கேட்டுவிடலாம். செயலியை அப்படி மறித்துக் கேட்க முடியாது. பிள்ளையின் ஒவ்வொரு தொடுதலையும் அது குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு யாரிடம் போகிறது என்பது ஆசிரியருக்கே தெரியாது. அந்த ஆசிரியரோ, வருகைப் பதிவைக் கைப்பேசியில் ஏற்றுவதற்காகச் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு வந்து நிற்கிறார். பள்ளி, மாணவர் விவரங்களைச் சேர்க்கும் அரசின் 'எமிஸ்' இணையதளப் பதிவேற்றப் பணியிலிருந்து விடுவிக்கும்படி ஆசிரியர் சங்கங்கள் கோரிவந்தது சோம்பலால் அன்று.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உப்புக்காற்றில் துருவேறிய திறன்பலகையை (ஸ்மார்ட் போர்டு) யார் பழுதுபார்ப்பார்கள், உரிமக் காலம் முடிந்த பிறகு பாடங்கள் யாருக்குச் சொந்தம், அந்தத் திரையில் எங்கள் கடல் எங்கே என்று கேட்க வேண்டியவர்கள் அவர்களே. அதற்கு முதலில், குழுக் கூட்டத்தைப் படகுகள் கடலுக்குப் போகும் நாளில் வைக்காமல் இருக்க வேண்டும்.