மை இருக்கா தம்பி?

காரைதீவில் இருக்கும் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் இன்னும் கழுகுக்கண்தான், காதுதான் கைவிட்டுவிட்டது. போனில் "சுகமா மாமா?" என்று கேட்டால் "ஓம், இஞ்சயும் மழைதான்" என்பார். "மருந்து குடிக்கிறீங்களா?" என்றால் "அவன் போன கிழமையே கொழும்புக்குப் போயிட்டான்" என்பார். போன மாதம் அவரே சலித்துப்போய், "மருமகன், கத்தாத. பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் உன்ட சங்கதி தெரிஞ்சு போச்சு. ஒரு கடிதம் எழுதிப் போடன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து காரைதீவுக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணித்தியாலம். நேரே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கலாம்தான். ஆனால் 'கடிதம்' என்ற சொல் மனதுக்குள் விழுந்துவிட்டது. கடைசியாகக் கையால் எப்போது எழுதினேன் என்று யோசித்தால், வங்கியில் காசு போடும் துண்டுதான் நினைவுக்கு வந்தது. அதிலும் திகதியை வெட்டித் திருத்தியிருந்தேன்.

அப்பாவின் ஹீரோ பேனை, பொத்தான்களும் ஊசியும் போட்டு வைக்கும் பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தது. உள்ளே மை காய்ந்து கல்லாகியிருந்தது. இப்படிப்பட்ட பேனையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். விட்டேன். தண்ணீருக்குள் மை மெல்லிய புகைபோல இறங்கி இறங்கி, கொஞ்ச நேரத்தில் கிளாஸ் முழுக்க நீலம். அதைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் இருந்தேன் என்றால் நம்ப வேண்டும்.

காலையில் எழும்பினால், பேனை மேசையில், கிளாஸ் காலி.

"இஞ்சாருங்க, உடுப்புக்கு நீலம் கரைச்சு வெச்சிருந்தீங்க எண்டு நினைச்சு புள்ளட யூனிபோர்முக்குப் போட்டுட்டன். நீங்களும் ஒரு நாளைக்கு வீட்டு வேலை செய்யிறீங்களே எண்டு சந்தோசப்பட்டன்" என்றாள் மனைவி. சந்தோசப்பட்டவளிடம் உண்மையைச் சொல்லலாமா? சொல்லவில்லை. மகள் அதைப் போட்டுக்கொண்டு போய் வந்தாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது மை. பக்கத்துக் கடைக்குப் போய் "மை இருக்கா தம்பி?" என்றேன்.

"எந்த பிரிண்டருக்கு அண்ணன்?"

"பிரிண்டருக்கு இல்ல, பேனைக்கு."

பையன் யோசித்தான். உள்ளே போய் முத்திரை குத்தும் மையைக் கொண்டுவந்தான். அது இல்லை என்றேன். அடுத்து, சந்தேகத்தோடு, பொட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த கண்மையை எடுத்து நீட்டினான். வாசலில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பக்கம் குனிந்து, ரகசியமாக, "என்னத்த மனே காணல்ல? நகையா, மாடா?" என்றார்.

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வெற்றிலையில் மை தடவி, தொலைந்த பொருள் எங்கே என்று பார்ப்பதற்குத்தான் நான் மை தேடுகிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று மற்ற ஊர்க்காரர்கள் நம்மைப் பற்றிச் சொல்வது சும்மா இல்லை. அவர் ஒரு ஆளின் பெயரும் இடமும்கூடச் சொன்னார். பணிவாகக் கேட்டுக்கொண்டேன். எதற்கும் உதவும்.

கடைசியில் டவுனில் பழைய கடையொன்றில், முதலாளி கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டில் இருந்து ஒரு போத்தலை எடுத்து ஊதினார். தூசி பறந்தது. வற்றி வற்றி மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 300 ரூபா என்றார், அவருக்கே சந்தேகமான குரலில். வீட்டுக்கு வந்து கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் எழுத உட்கார்ந்தேன். மகளின் பழைய கொப்பியில் இருந்து கிழித்த தாளில் முதல் 'அ' போட்டதும் அது நண்டுபோல நாலாபக்கமும் கால் விரித்தது. பசை ஏற்றாத மலிவுத் தாள் மையைப் பஞ்சுபோல இழுத்துவிடும். நல்ல தடித்த தாள் வாங்கி வந்த பிறகுதான் நிப்பு வழிக்கு வந்தது. 'ழ'வைக் கீழே இறக்கிச் சுழித்து முடிக்கும்போது ஈரமாக ஒரு மினுக்கம் நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிக் காயும். அந்த இரண்டு விநாடிக்காகவே தேவையில்லாத இடத்திலெல்லாம் 'வாழ்க', 'மகிழ்ச்சி' என்று எழுதினேன். எங்கள் வகுப்பில் ஒற்றுத்தாள் கிடையாது, உடைந்த சோக்குத் துண்டை உருட்டித்தான் மையை உறிஞ்ச வைப்போம். குமிழ்முனைப் பேனை எழுத்தைக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்லும் வாத்தியார்கள் இருந்தார்கள். அதைச் செய்து 1938இல் காப்புரிமை எடுத்த லாஸ்லோ பிரோ, பத்திரிகை அச்சு மை சட்டென்று காய்வதைக் கண்டுதான் அந்த யோசனைக்குப் போனாராம். அவர் என் மாமாவிடம் படித்திருந்தால் நிச்சயம் முட்டிக்கால் போட்டிருப்பார்.

ஒன்றரைப் பக்கம் எழுத இரண்டு இரவு. நடுவிரலின் பக்கத்தில், முப்பது வருடத்துக்கு முன் காய்ப்பு இருந்த அதே இடம், வலித்தது.

பெருமை பொறுக்காமல் பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, மத்தியான வெயிலில் பழைய கல்லடிப் பாலத்தால் நடந்தேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம், நடந்து போக அதைப்போல வராது. நடுப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தம்பி என் நெஞ்சையே பார்த்தான். பிறகு கேட்டான்:

"அண்ணன், கணவாயை ஏன் சட்டைப் பைக்குள்ள வெச்சிருக்கிறீங்க?"

குனிந்து பார்த்தால் பைக்குள் ஒரு நீல வாவி. பேனையில் மை குறையக் குறைய உள்ளே காற்றுத்தான் கூடும். வெயிலும் உடம்புச் சூடும் பட்டால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளிவிடும். நிரம்பிய பேனை இவ்வளவு சேட்டை விடாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் குத்திக்கொண்டு போனேன். வெளிநாட்டில் இருந்து மச்சான் அனுப்பிய சட்டை வேறு. இம்முறை மனைவி சந்தோசப்படவில்லை.

மாரிகாலம் என்பதால் கடித உறையின் விலாசத்தின் மேல் மெழுகுதிரியைத் தேய்த்தேன். இந்த மை தண்ணீரில் கரைவது, ஒரு துளி மழை விழுந்தாலும் காரைதீவு காணாமல் போய்விடும். 50 ரூபா முத்திரை ஒட்டி, தபால் பெட்டிக்குள் போட்டு, விழுந்த சத்தம் கேட்டதா என்று நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. தடித்த உறை. மகிழ்ச்சியோடு பிரித்தால், உள்ளே என்னுடைய கடிதம்! முழுக்கச் சிவப்பு. ஐந்து இடத்தில் ஒற்றுப்பிழை, ஓரிடத்தில் ர-ற குழப்பம், 'வாழ்த்துக்கள்' என்பதில் 'க்' மேல் காகிதம் கிழிகிற அளவுக்கு ஒரு வெட்டு. ஓரத்தில் வட்டம் போட்டு 58. கீழே மாமாவின் எழுத்தில் நாலு வரி. 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை போட்டு மாற்றினார்கள். மாமாவின் கைக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை. மகள் அதைப் பார்த்து "இது ஆனை எழுத்தா அப்பா?" என்றாள்.

"கடிதம் கண்டு மகிழ்ச்சி. மைக்குத் தண்ணீர் கலந்திருக்கிறாய். பிழைகளைப் பத்துத் தரம் எழுதி அனுப்பவும். மழை விட்டால் நேரில் வரவும், கத்தாமல்."

நேற்றிரவு மகள் வீட்டுப்பாடம் செய்கிற மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து 'வாழ்த்துகள், வாழ்த்துகள்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். விரலால் எண்ணினாள்.

"அப்பா, ஏழாவதில 'க்' போட்டுட்டீங்க."