ரெண்டாவது டாக்வுட்

நாங்க அமெரிக்கால நார்த் கரோலினா ஸ்டேட்ல இருக்கிற கேரிங்கிற ஊருக்கு குடிவந்த முதல் ஏப்ரல்ல, ரோட்டோரம் பைன் மரத்துக்கு அடியில எல்லாம் வெள்ளையா தட்டுத்தட்டா என்னவோ அந்தரத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு, இலையே இல்ல, வெறும் பூ. நம்மூர்ல இலவ மரம் இலை உதிர்த்துட்டு பூத்து நிக்குமே, அதை வெள்ளைல நினைச்சுக்கோங்க. டாக்வுட்னு சொன்னாங்க. 1941லேர்ந்தே இந்த ஸ்டேட்டோட மாநிலப் பூ இதுதானாம். உடனே ஒண்ணு வாங்கிட்டு வந்து முன்வாசல் புல்தரைல நட்ட நடுவுல, நல்லா வெயில் அடிக்கிற இடமா பாத்து வச்சேன்.

செத்துப்போச்சு.

ஒரே நாள்ல சாகல, மூணு வருஷம் இழுத்துக்கிட்டு கிடந்துச்சு. ஜூலை வந்தா இலை ஓரமெல்லாம் கருகும், தண்ணி பத்தலன்னு நான் இன்னும் ஊத்துவேன், உரம் போடுவேன். ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மா பாவம் அவங்க பங்குக்கு மல்ச், அதாவது செடியைச் சுத்தி மண்ணை மூடப் போடுற மரச்சீவல், அந்த மூட்டையை பிரிச்சு, வாழைக்கு மண் அணைக்கிற மாதிரி தண்டைச் சுத்தி கும்பாரமா குவிச்சு வச்சாங்க. வாழைக்கு அது சரி, டாக்வுட்டுக்கு பட்டை ஈரத்துலயே கிடந்து அழுகும். இது போதாதுன்னு புல்லு வெட்ட வர்றவங்க அந்த நைலான் நூல் மெஷினால ஒவ்வொரு வாட்டியும் அடித்தண்டுல லேசா ஒரு தட்டு. சின்ன காயம்தானேன்னு விட்டேன். அந்தக் காயத்தைத்தான் போரர் தேடி வருதாம், பாக்க குளவி மாதிரி இருக்கிற ஒரு அந்துப்பூச்சி, பட்டைல முட்டை போட்டுட்டுப் போயிடும், புழு உள்ள புகுந்து தின்னும். அடில மரத்தூள் மாதிரி கொட்டிக் கிடந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது, அதுக்குள்ள கிளை ஒண்ணொண்ணா காய ஆரம்பிச்சிடுச்சு.

அப்புறம் ஒரு நாள் ஏரிக்கரை காட்டுப்பாதைல நடக்கும்போதுதான் மண்டைல உறைச்சுது, இங்க ஒரு டாக்வுட் கூட தனியா வெட்டவெளில நிக்கல. எல்லாம் ஓக், பைன் நிழல்ல, காலடில இலைச்சருகு மெத்தை. உயரமே 15லேர்ந்து 30 அடிதான், பெரிய மரத்துக்குக் கீழ வாழுற மரம் இது. அதைக் கொண்டுவந்து மொட்டை வெயில்ல நிறுத்தினது நான்.

ரெண்டாவதை வீட்டுக்குக் கிழக்கால வச்சேன், காலை வெயில் வரும், மத்தியானம் ஓக் நிழல். எங்க மண்ணு செங்கல் களிமண்ணு, காஞ்சா பாறை, நனைஞ்சா சேறு. அதனால குழியை ஆழமா தோண்டாம வேர்க்கட்டியை விட மூணு மடங்கு அகலமா தோண்டி, கட்டி தரைமட்டத்துக்கு ஒரு இஞ்ச் மேலேயே இருக்கிற மாதிரி வச்சேன். மல்ச் மூணு இஞ்ச், தண்டைத் தொடாம ஒரு கை தள்ளி. முதல் ரெண்டு கோடைக்கு மழை இல்லாத வாரமெல்லாம் பைப்பை மெதுவா திறந்துவிட்டு ஒரே ஒரு வாட்டி ஆழமா தண்ணி, அவ்வளவுதான், உரம் கிரம் எதுவும் கிடையாது.

மரம் வாங்கும்போது அப்பலாச்சியன் ஸ்பிரிங்கிற டாக்வுட் ரகம்தான் கேட்டேன், வெள்ளைப் பூங்கிறதால. அது ஆந்த்ராக்னோஸ்னு ஒரு பூஞ்சை நோய் வந்து மேரிலாந்து மலைக்காட்டுல டாக்வுட்டெல்லாம் செத்தப்ப தப்பிச்சு நின்ன மரத்தோட வம்சம். ஆனா நர்சரிக்காரர், அந்த நோய் குளிர்ச்சியான மலைப்பக்கம்தான் அதிகம், இங்க இலைல வெள்ளை மாவு பூத்த மாதிரி வர்ற மில்டியூதான் தொல்லை, அதைத் தாங்க செரோக்கி பிரேவ்ங்கிற ரகத்தை எடுத்துக்கோங்கன்னாரு. அது ரோஸ் கலர். மனசே இல்லாமதான் எடுத்தேன், இப்ப கேட்டா, அதான் அழகு.

பூன்னு சொல்றேனே தவிர அந்த நாலு இதழும் இதழே இல்ல. நம்ம காகிதப்பூ மாதிரிதான், கலரா இருக்கிறதெல்லாம் மாறின இலை, நடுவுல பச்சையும் மஞ்சளுமா குண்டூசித் தலை மாதிரி கொத்தா இருக்கே அதான் நிஜப் பூ. அதுலேர்ந்து செக்கச்செவேல்னு பழம் வரும், அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "ஏண்டா இதை ஊறுகாய் போடலாமா"ன்னாங்க. நமக்கு ஆகாதும்மா, குருவிங்களுக்கு விட்டுடுன்னேன். வாய்ல வைக்கிற மாதிரி பழம் வேணும்னா கௌசாங்கிற ஆசிய டாக்வுட் வைக்கலாம், அது ஒரு மாசம் பிந்திப் பூக்கும்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். ஒரு ஜனவரில மரம் கோணலா இருக்குன்னு நுனியெல்லாம் கத்தரிச்சுட்டேன், ஏப்ரல்ல எண்ணி நாலே பூ. அடுத்த வருஷத்து மொட்டு கோடைலயே உருவாகிடும், குளிர்காலம் பூரா கிளை நுனில சட்டைப் பட்டன் மாதிரி உருண்டையா உக்காந்திருக்கும். வெட்டணும்னா பூ முடிஞ்ச கையோட வெட்டணும்.

இந்த வருஷம் மரம் பூராவும் பூ. டாக்வுட் பூக்கும்போது திடீர்னு ஒரு குளிர் வரும், டாக்வுட் விண்டர்னே பேரு வச்சிருக்காங்க இங்க. பக்கத்து வீட்டு பெரியவர் சொல்லியும் கேக்காம தக்காளி நாத்தை வெளில நட்டுட்டேன், மறுநாள் காலைல பத்து நாத்தும் கருகிக் கிடக்கு, அதுக்கு மேல இந்த மரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ரோஸ் கலர்ல நிக்குது.