லண்டனில் பியர் சப்போர்ட் வேர்க்கராகச் சேர்ந்த அனுபவம்

பியர் சப்போர்ட் வேர்க்கர் வேலை விளம்பரத்தில் ‘கட்டாயத் தகைமைகள்’ என்ற பகுதியில், மனநலப் பிரச்சினையை நேரடியாக அனுபவித்திருக்க வேண்டும், மனநலச் சேவையில் உதவி பெற்றிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதுவரை எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் நான் மூடி மறைத்த விஷயத்தை இங்கே தகைமையாகக் கேட்டார்கள். அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். மனநல அணிகளில் இது சம்பளத்தோடு உள்ள உத்தியோகம், பெரும்பாலும் பேண்ட் 3 என்ற சம்பளப் படியில். 2019இல் வந்த என்.எச்.எஸ். நீண்டகாலத் திட்டத்துக்குப் பிறகு இந்த இடங்கள் கூடின. நாங்கள் மருந்து கொடுப்பதில்லை, நோய் என்னவென்று சொல்வதில்லை. அந்த வழியால் வந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கதைப்பதுதான் வேலை.

விண்ணப்பத்தில் பலர் தங்கள் வருத்தத்தின் முழுக் கதையையும் எழுதிவிடுகிறார்கள். அது தேவையில்லை. எனக்கு எது உதவியது, எது உதவவில்லை, அதை வைத்து இன்னொருவரோடு எப்படி வேலை செய்வேன் என்பதைத்தான் எழுதினேன். நோயின் பெயரைக் குறிப்பிடவில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலம், மனநலம் பற்றிப் பொதுவாகக் கேட்கக் கூடாது. நேர்முகத்திலும் எவரும் கேட்கவில்லை. நேர்முகக் குழுவில் மனநலச் சேவையைப் பயன்படுத்தியவர் ஒருவரும் இருந்தார். “நீங்கள் சொல்லும் கதை எதிரில் இருப்பவருக்கு உதவவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று அவர்தான் கேட்டார். நிறுத்திவிட்டு அவருடைய கதையைக் கேட்பேன் என்றேன்.

அதன்பின் வந்த டி.பி.எஸ். சோதனைதான், அதாவது குற்றப் பதிவுச் சோதனைதான், என் நித்திரையைக் கெடுத்தது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பொலிஸ், மனநலச் சட்டத்தின் 136ஆம் பிரிவில். மனநல நெருக்கடியில் இருப்பவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகப் பொலிசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. அது பதிவில் வந்துவிடுமோ என்ற பயம் எங்கள் ஆட்களில் பலருக்கு இருக்கிறது, அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். 136இல் கொண்டுபோவது குற்றமோ தண்டனையோ கிடையாது. அது மட்டுமே காரணமாக இருந்தால் சான்றிதழில் சாதாரணமாகச் சேர்க்கக் கூடாது என்று 2015இல் பொலிசுக்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது. என்னுடைய சான்றிதழில் ஒன்றும் இருக்கவில்லை.

வேலை உறுதியானதும், ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் தொழில்சார் சுகாதாரப் பிரிவு கூப்பிட்டது. இங்கே உள்ளதைச் சொல்வது நல்லது. நான் இரவில் ஒலன்சபீன் என்ற மனநல மருந்தை எடுக்கிறேன், காலையில் தலை பாரமாக இருக்கும். விடியப்புறத்தில் எழும்பி ஏழு மணி ஷிஃப்டுக்குப் போக என்னால் முடியாது என்று சொல்லி ஒன்பது மணித் தொடக்கம் கேட்டேன். அதே சமத்துவச் சட்டத்தில் ‘நியாயமான மாற்றம்’ என்று இதற்கு இடம் இருக்கிறது. தந்தார்கள்.

பயிற்சியில் ஒரு பாடம் இன்னும் கூடவே இருக்கிறது. எங்கள் கதையை முதலில் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும், பிறகு இரண்டு நிமிடத்தில், கடைசியில் ஒரே வசனத்தில். ஒவ்வொரு முறையும் பயிற்சி தந்தவர், “எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கதையை அதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று என் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. எதைச் சொல்வது, யாருக்குச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை நானே தீர்மானித்தது அங்கேதான் முதல்முறை. இந்த வேலைக்கு வேண்டிய திறமையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வார்ட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரை மனநலச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், அதாவது மதிப்பீட்டுக்காகக் கட்டாயமாக, சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரிவில் 28 நாள்வரை வைத்திருக்கலாம். நான் தமிழ் என்று கண்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, “பிள்ளை எந்த ஊர்? ஆற்றை மகள்?” என்றார். ஊர் விசாரிக்கும் ஆசையில் வந்த கேள்வி கிடையாது. செய்தி எந்தக் கோயில் வரைக்கும் போகும் என்று கணக்குப் பார்க்கிறார்.

“அன்ரி, நீங்கள் சொல்லுறது இந்த அணிக்கு வெளியில போகாது. உங்களுக்கோ வேறை ஆருக்குமோ ஆபத்து எண்டால் மட்டும் நேர்ஸிட்டைச் சொல்லுவன், அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான். நானும் இப்பிடி ஒரு வார்ட்டில இருந்தனான்.”

அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “வீட்டை போன பிறகு ஆக்கள் உம்மோடை கதைச்சவையோ?”

“எல்லாரும் கதைக்கேல்லை அன்ரி. சிலர் இப்பவும் ‘விசர்’ எண்டுதான் சொல்லுகினம். அக்கா கதைச்சா. பிறகு ரெண்டு மூண்டு பேர் வந்தவை.”

எல்லோரும் கதைத்தார்கள் என்று பொய் சொல்லியிருந்தால் அவர் உடனே பிடித்திருப்பார்.

அடுத்த நாள் டொக்டரோடு நடக்கும் கூட்டத்தில் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்று சொல்லி, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்யக் கேட்டேன். ஒரு நேர்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டொக்டரின் வார்த்தை என் வாயால் வந்தால், அதன்பிறகு அன்ரிக்கு நான் டொக்டரின் ஆள்தான். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். உரிமைகளைத் திரும்ப விளக்கினார்கள். கட்டாயமாக வைத்திருப்பதை எதிர்த்து, 2ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க முதல் 14 நாள்தான் அவகாசம் என்பதும், தன் பக்கம் நின்று பேசச் சட்டப்படி தனக்கு ஒரு மனநல வாதிடுநர் உண்டு என்பதும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் விண்ணப்பித்தார்.

எங்கள் சமூகத்தில் போரையும் இழப்பையும் சுமந்துகொண்டு இந்த வார்ட்டுகளுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இருக்கத் தமிழ் தெரிந்த பியர் சப்போர்ட் வேர்க்கர்கள் வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சம்பளம் குறைவு, மேலே ஏறும் படிகளும் குறைவு, அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள்: அணியில் இன்னொரு பியர் இருக்கிறாரா? உங்கள் வேலையைப் பற்றிக் கதைத்து வழிகாட்டும் சூப்பர்விஷனை நடத்துவது யார், அவருக்கும் இந்த அனுபவம் உண்டா? தனி ஆளாக ஒரு வார்ட்டில் நின்றால், சில மாதத்தில் மற்ற ஊழியர்களைப் போலவே கதைக்கத் தொடங்கிவிடுவோம். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் தராத அணியில் சேர வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.